நேர்ந்துவிட்ட வாய்

"கண்ணாடியப் பார்த்தீங்களா, இல்ல பார்த்ததா நெனச்சீங்களா?"

பேராதனை வீதியில் முதன்முதலாகக் கார் ஓட்டிய அன்று அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. பார்த்தேன் என்றேன். "பின்னால என்ன வருது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "அப்போ நெனச்சிருக்கீங்க," என்று சொல்லிவிட்டுத் தன் பக்கத்துப் பிரேக்கில் மெதுவாகக் காலை வைத்தார். பயிற்சிக் கார்களில் இடது பக்கம் இருப்பவருக்கும் ஒரு பிரேக் உண்டு. ஒரு லொறி எங்களை உரசுவதுபோலக் கடந்து போனது. அவர் கோபப்படவுமில்லை, சிரிக்கவுமில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். கண்டியில் ஒரு அரச அலுவலகத்தில் வேலை. கணவர் கட்டாரில். நாற்பது வயது தாண்டியபின், பஸ்ஸில் இடிபட்டு அலுத்துப்போய்த்தான் கார் பழகப் போனேன். அவருக்கு என்னைவிடச் சில வயது கூட. மலையகத்து ஆள், மெலிந்த உடம்பு, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. பயிற்சிப் பாடசாலையின் முதலாளி மடவளையைச் சேர்ந்தவர். தன்னிடம் வேலை செய்யும் எல்லாரிலும் இவரிடம்தான் பெண்களையும் பயந்தவர்களையும் அனுப்புவார். நான் இரண்டுமாக இருந்தேன்.

அவரை நான் அண்ணை என்பேன். அவர் என்னை மிஸ் என்பார். சொந்தப் பெயர்கள் எங்களுக்கிடையில் தேவைப்படவேயில்லை, இங்கேயும் தேவையில்லை.

தெரியாத ஒன்றைத் தெரியும் என்று அவர் வாயால் வராது. இதைக் கேட்கும்போது பெரிய விஷயமாகத் தோன்றாது. பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் அது எவ்வளவு தொந்தரவான குணம் என்று விளங்கும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகன நெரிசலா என்று அலைபேசியில் யாராவது கேட்டால், "நேத்து இந்நேரம் இருந்துச்சு, இன்னைக்குத் தெரியாது," என்பார். வானம் கறுத்துக் கிடக்கும்போது மழை வருமா என்று கேட்டால், "வந்தா நனைவோம்," என்பார். ஒருமுறை முதலாளியின் மாமா மௌத்து, இறந்துவிட்டார் என்று பாடசாலை முழுதும் பரவிவிட்டது. எல்லாரும் சோகமாக நிற்க, இவர் மட்டும், "யாரு பார்த்தது?" என்று கேட்டார். அவர் சொன்னது காதில் விழுந்து முதலாளிக்குக் கோபம்கூட வந்தது. பின்னேரம் அந்த மாமாவே வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

"உங்களோட குடும்பம் நடத்துறது சரியான கஷ்டமா இருக்கும் அண்ணை," என்றேன் ஒருநாள் சிரிப்பாக.

அவர் சிரிக்கவில்லை. "ஆமா மிஸ்," என்றார். "அவளுக்குத்தான் கஷ்டம்."

அப்போது எனக்கு எதுவும் தெரியாது.

முதலில் கவனித்தது ஒரு கையை. மத்திய சந்தைக்கு முன்னால் சிவப்பு விளக்கில் நின்றிருந்தோம். மரக்கறிப் பையோடு போன ஒரு கிழவி இவரைக் கண்டதும் ஓடிவந்து, ஜன்னலுக்குள் கையை நீட்டி, அவர் முழங்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நல்லா இருங்க சாமி," என்றாள். அவர் அசையவில்லை. பல் பிடுங்குபவரிடம் வாயைத் திறந்து கொடுத்தவர்போல முன்னால் பார்த்தபடி இருந்தார். பச்சை விளக்கு விழுந்தது. நான் பதற்றத்தில் எஞ்சினை அணைத்துவிட்டேன். பின்னாலிருந்த வாகனங்கள் எல்லாம் ஹோன் அடித்தன.

"யார் அண்ணை அது?"

"தெரியாது மிஸ். முதல் கியரப் போடுங்க."

அதன்பிறகு பல இடங்களில் கண்டேன். திகனையில் எரிபொருள் நிலையத்தில் ஒரு பையன், குண்டசாலையில் ஒரு கடைக்காரர், இன்னொரு நாள் சீருடையோடு ஒரு தாதி. எல்லாரும் தொட்டார்கள். நான் கேட்கக் கேட்க அவர் கியரைப் பற்றியே பேசினார்.

ஹந்தானை மேட்டில் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கப் பழக்கினபோதுதான் சொன்னார். மழை அடித்து ஊற்றியது. முன்கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை. ஓரமாக நிறுத்தச் சொன்னார். கண்ணாடிகள் எல்லாம் எங்கள் மூச்சில் மங்கிப்போயின.

சில வருடங்களுக்கு முன்னால் அவருக்கு வயிற்றில் நோவு. ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் ஒரு கட்டி என்றார்கள். நல்ல கட்டியாகத் தெரியவில்லை, இன்னொரு பரிசோதனை செய்யவேண்டும் என்றார் வைத்தியர். அந்த இடைவெளியில் அவர் மனைவி, தெல்தெனியப் பக்கம் தான் பிறந்து வளர்ந்த தோட்டத்து அம்மன் கோயிலுக்குப் போய் விழுந்து கிடந்தாள். அடுத்த ஸ்கேனில் கட்டி இல்லை.

"இல்லையெண்டா? சுருங்கிப் போச்சோ?"

"இல்லவே இல்ல மிஸ். மொதல்ல எடுத்த படத்துல டாக்டர் வெரல வச்சுக் காட்டினாரு. எனக்கு ஒன்னுமே தெரியல. சாம்பல் மேல சாம்பல். ரெண்டாவது படத்துலயும் அதே சாம்பல்தான். இங்க இருந்துச்சு, இப்ப இல்லன்னாரு. ரெண்டையும் நம்பினேன்."

"டொக்டர் காரணம் சொல்லேல்லையோ?"

"மொதல் படம் தப்பாவும் இருக்கலாம், சீழ்க்கட்டியா இருந்து மருந்துல கரைஞ்சும் இருக்கலாம், எங்களுக்கே தெரியாம சிலது போறதும் உண்டுன்னாரு. அந்த மனுசன் மேல எனக்கு மரியாத வந்துச்சு. தெரியாதுன்னு சொன்னாரு பாருங்க."

ஆனால் தெரியாது என்று சொல்ல வேறு யாரும் தயாராக இல்லை. மனைவி அம்மன் என்றாள். முதலாளி ஐந்து நேரத் தொழுகையிலும் இவருக்காகத் துஆ கேட்டிருந்தார். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா பன்சலையில், புத்த கோயிலில், போதி பூஜை செய்திருந்தாள். எதிர்வீட்டு ஜெபக்கூட்டத்தினர் இவர் பெயரைச் சொல்லி இரவுகளில் அழுதிருந்தார்கள். "நாலு பேரும் நல்லவங்க மிஸ். நாலு பேருக்கும் நன்றி சொன்னேன். ஆனா நாலு பேருமே, நாந்தான், நாந்தான்னு என் முகத்தையே பாக்குறாங்க."

மற்ற மூவரும் பார்த்ததோடு விட்டுவிட்டார்கள். அம்மன் விடவில்லை. மனைவி வைத்த நேர்த்தி அப்படி. அவர் பிழைத்தால் வருடாவருடம் தீச்சட்டி எடுப்பார், எடுத்து முடித்ததும் சனத்துக்கு முன்னால் நின்று, தன்னைக் காப்பாற்றியது யார் என்று தன் வாயால் சொல்லுவார் என்று நேர்ந்திருந்தாள்.

"தீச்சட்டி பரவால்ல மிஸ். கைதானே, சுட்டாலும் ஆறிரும். ஆனா என் வாயையில்ல நேர்ந்துவிட்டுட்டா."

"ஒரு சொல்லுத்தானே அண்ணை. அந்த மனுசிக்காகச் சொல்லிப்போட்டு வாங்கோவன்."

"ரெண்டு வருசம் சொன்னேன்," என்றார். "அம்மன்தான் காப்பாத்துனா, அம்மன்தான் காப்பாத்துனான்னு. நான் சொன்னத நம்பி ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. என் படத்த பேனர்ல போட்டாங்க. 'மறுபிறவி பெற்றவர்'னு. அதுக்கப்புறந்தான் மிஸ் எனக்குப் பயம் வந்துச்சு. அதே கோயில்ல என் பொஞ்சாதியோட தம்பிக்கும் நேர்ந்தாங்க. அதே அம்மன், அதே தீச்சட்டி. அவன் செத்துட்டான். அவனுக்கு யாரும் பேனர் அடிக்கல."

மழை விட்டிருந்தது. அவர் துணியால் கண்ணாடியைத் துடைத்தார். "சரி, ஹேண்ட்பிரேக்க எறக்குங்க," என்றார்.

அவர் மனைவியோடு ஒருதடவைதான் அவள் வீட்டில் ஆற அமரப் பேசக் கிடைத்தது. லைசென்ஸ் ட்ரயலில் தேறியதற்கு ஒரு கேக் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி, மடவளைக்குப் போகிற வழியில், சரிவில் ஒட்டினாற்போலச் சின்ன வாடகை வீடு. சுவரில் தம்பியின் படம், மாலையோடு. பக்கத்தில் அம்மன் படம். அவள் குள்ளமான, சுறுசுறுப்பான பெண். கதிரையைத் துடைத்துப் போட்டாள். அவர் கடைக்குப் பால்மா வாங்கப் போன நேரம் பார்த்து என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"ஒங்ககிட்ட எல்லாம் சொல்லுவாருன்னு தெரியும் மிஸ். அவரு நம்பலன்னும் எனக்குத் தெரியும்."

நான் கேக் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தேன்.

"நம்பாட்டியும் பரவால்ல மிஸ். மனசுக்குள்ள என்ன இருக்குன்னு அம்மன் கேக்கல. வாயால சொல்லத்தான் கேட்டுச்சு. அதச் சொல்றதுக்கு என்ன? தம்பிக்கு நேர்ந்தப்ப எங்கம்மா பாதியில விட்டுருச்சு. வெளக்கு வைக்கிறேன்னு சொல்லிட்டு வைக்கல. அவன் போயிட்டான். இவரும் பாதியில விட்டுட்டா?"

"உங்கட தம்பி அதாலதான் செத்தவர் எண்டு எப்பிடித் தெரியும்?"

அவள் என்னை வியப்போடு பார்த்தாள். "அதாலதான் இல்லன்னு ஒங்களுக்கு எப்புடி மிஸ் தெரியும்?"

வெள்ளிக்கிழமைகளில் நானும் கோயிலுக்குப் போகிறவள்தான். ஏன் போகிறேன் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. அவள் தொடர்ந்து பேசினாள். இவர் உறங்கும்போது மூச்சு வருகிறதா என்று எழும்பி எழும்பிப் பார்ப்பாளாம். திருவிழா நெருங்க நெருங்கச் சாப்பாடு இறங்காதாம். பேசும்போது அவள் விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்குவதும் விடுவதுமாக இருந்தன. இவரிடம் உண்மை இருக்கலாம், ஆனால் இந்த வீட்டுக்குள் அதை வைக்க ஒரு மூலையும் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

அந்த வருடத் திருவிழாவுக்கு என்னையும் வரச் சொன்னாள். போனேன். தேயிலைக்கு நடுவே சின்னக் கோயில், ஒலிபெருக்கி மட்டும் பெரிது. தூரத்தில் விக்டோரியா நீர்த்தேக்கம் வெள்ளைத் தகடுபோலக் கிடந்தது. வேப்பிலை சொருகிய சட்டியை ஏந்திக்கொண்டு அவர் மஞ்சள் வேட்டியில் நடந்து வந்தார். முகத்தில் எந்த ஆவேசமும் இல்லை. கையில் நெருப்பு இருக்கிறது என்று தெரிந்த மனிதர் எப்படி நடப்பாரோ அப்படி நடந்தார். கோயில் தலைவர், வெள்ளைச் சட்டை போட்ட பெரிய மீசைக்காரர், சட்டியை இறக்கியதும் அவரை மேடைக்கு ஏற்றி ஒலிவாங்கியைக் கொடுத்தார். சனம் அடங்கியது. பலரும் அலைபேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். அவர் மனைவி மேடைக்குக் கீழே கைகூப்பி நின்றாள்.

அவர் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்தார். பிறகு, கண்ணாடியைப் பற்றி எனக்குச் சொல்லுகிற அதே குரலில் சொன்னார்.

"எனக்கு நோய் இருக்குன்னு சொன்னாங்க. இப்ப இல்லன்னு சொல்றாங்க. நடுவுல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. என்னயப் பார்த்து யாரும் எந்த முடிவும் எடுக்காதீங்க. எனக்குத் தெரியாது. அவ்வளவுதான்."

மனைவியின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். ஒரு கணம், அந்த மனிதர் ஒரு பூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

தலைவர் ஒலிவாங்கியை வாங்கினார். அவர் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. "கேட்டீங்களா!" என்றார். "தனக்கு ஒன்னுமே தெரியாதுங்கிறாரு! நான், எனதுங்கிறது போன மனுசன்தான் இப்புடிப் பேச முடியும். அம்மன் தொட்ட வாய்லதான் இந்த வார்த்த வரும்!"

"அம்மா தாயே!" என்று கூட்டம் அலறியது. இரண்டு பெண்கள் சாமியாடத் தொடங்கினார்கள். மனைவியின் கன்னங்களில் கண்ணீர் வழிந்தது. அது நிம்மதிக் கண்ணீர். மேடையில் அவர் தன் வெறுங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் காணொளி அடுத்த கிழமை என் அலுவலகத்துக்கே வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரி எனக்கு அதைப் போட்டுக் காட்டி, "பாருங்கோ அக்கா, எவ்வளவு தன்னடக்கம்," என்றாள்.

அதற்குப் பிறகு, நான் சொந்தமாக ஒரு கார் வாங்கியிருந்த சமயம், ஒரு ஞாயிறு காலை அவர் அலைபேசியில் அழைத்தார். "மிஸ், ஒங்க கார் வேணும். ஓட்டுறது நீங்கதான். ஸ்கூல் கார்ல போனா கூட்டம் கூடிரும்," என்றார். குரல் சரியில்லை.

அந்தக் கோயிலுக்குக் கீழே, தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடொன்றில், ஒரு சிறுமிக்கு இரத்தத்தில் நோய். எட்டு வயதிருக்கும். ஆஸ்பத்திரி வாட்டில் வைத்து மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முழுச் சிகிச்சையும் எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு என்று வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். ஊசிக்குப் பயந்து பிள்ளை கதறியதையும், தலைமயிர் கொட்டியதையும் தாயால் தாங்க முடியவில்லை. அவளிடம் யாரோ இவருடைய காணொளியைக் காட்டியிருக்கிறார்கள். பிள்ளையைப் பாதியில் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இனி அம்மன்தான் என்று சொல்லிவிட்டாளாம்.

"என் மூஞ்சியப் பார்த்துத்தான் மிஸ் நிறுத்தியிருக்கா," என்றார். "என் மூஞ்சியப் பார்த்து." வளைவுகளில் அவர் வலது கால் தரையை அழுத்துவதைக் கண்டேன். என் காரில் அந்தப் பக்கம் பிரேக் இல்லை.

லயத்து வாசலில் அவரைக் கண்டதும் தாய் அப்படியே காலில் விழுந்தாள். இளம் பெண், கண்ணுக்குக் கீழே கறுப்பு. பிள்ளை உள்ளே பாயில் படுத்திருந்தது. மொட்டைத் தலையில் விபூதி. எங்களைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் பலம் இல்லை.

அவர் தரையில் அவளுக்கு எதிரே அமர்ந்து, உண்மையைச் சொன்னார். எனக்குச் சொன்ன எல்லாவற்றையும் இன்னும் எளிமையாகச் சொன்னார். முதல் படம் பிழையாக இருந்திருக்கலாம், வைத்தியருக்கே தெரியாது, தன்னைக் காப்பாற்றியது அம்மன் என்று தனக்கு நிச்சயமில்லை, மச்சான் அதே கோயிலில் நேர்ந்தும் செத்தான், பிள்ளையின் நோய்க்கு மருந்து இருக்கிறது, அதை நிறுத்தக் கூடாது. கெஞ்சினார். அப்படி அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

அந்தப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒருவிதப் பாசத்தோடு சிரித்தாள்.

"நீங்க இப்புடித்தான் சொல்லுவீங்கன்னு தலைவர் சொன்னாருங்க. அம்மன் தொட்டவங்க தன் வாயால ஒத்துக்க மாட்டாங்களாம். எங்க நம்பிக்கையச் சோதிச்சுப் பாப்பாங்களாம். நான் அசைய மாட்டேங்க சாமி."

"நான் சோதிக்கல தாயி."

"சரிங்க," என்றாள், அதே சிரிப்போடு.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. எந்தக் கதவைத் தட்டினாலும் அது அதே அறைக்குள்ளேதான் திறக்கிறது என்று கண்டுகொண்ட மனிதரின் பார்வை அது. நானும் பேசிப் பார்த்தேன். அரச உத்தியோகத்தர் என்று சொன்னேன், வைத்தியரோடு கதைக்கிறேன் என்றேன். அவள் எனக்கு மரியாதையாகத் தேத்தண்ணீர் ஊற்றினாள்.

உள்ளே பிள்ளை இருமியது. அவர் எழுந்தார். போகப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. அந்தத் தாயின் தலைக்கு மேல் கையை வைத்தார். அவர் குரல் மாறிவிட்டது.

"சரி. மறைக்க மாட்டேன். அம்மன் எங்கிட்ட வந்தா. ஏன் எம்புள்ளைய ஆஸ்பத்திரியில இருந்து தூக்கிட்டு வந்தாங்கன்னு கேட்டா. நான் அந்த மருந்துலதான் இருக்கேன், அந்த ஊசியிலதான் இருக்கேன், ஊசிய நிறுத்துனா என்னைய வெளியில தள்ளிக் கதவடைக்கிற மாதிரின்னு சொன்னா. இன்னைக்கே கொண்டு போகச் சொன்னா. கடைசி ஊசி வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னா."

தாய் ஓவென்று அழுதாள். அரைமணித்தியாலத்தில் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு என் காரின் பின் இருக்கையில் ஏறினாள். கண்டி வரும்வரை அவள் அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். வைத்தியசாலை வாசலில் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பியபோது, காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, இறங்கி, மதிலோரமாக வாந்தி எடுத்தார்.

பிள்ளை பிழைத்தது. சிகிச்சை முழுவதையும் அந்தத் தாய் ஒரு நாளும் தவறவிடவில்லை. மயிர் முளைத்த தலையோடு பிள்ளையின் படம் எல்லார் அலைபேசியிலும் ஓடியது. கூடவே, அம்மன் இவரிடம் வந்து பேசுகிறாள், ஊசியிலும் மருந்திலும் தான் இருப்பதாகச் சொன்னாள் என்ற செய்தியும் ஓடியது. குணமானவர் என்று தொட்டவர்கள் இப்போது கேட்க வந்தார்கள். மகளுக்குக் கல்யாணம் எப்போது, வெளிநாட்டுக்குப் போன மகன் ஏன் பேசவில்லை என்று. பயிற்சிப் பாடசாலைக்கும் வந்தார்கள். ட்ரயலுக்குப் போகிறவர்கள் அவர் காலைத் தொட்டுவிட்டுக் காரில் ஏறினார்கள். ஒரு பையன் தேறவில்லை. அம்மனுக்குத் தன்மேல் என்ன கோபம் என்று வாசலில் நின்று அழுதான். முதலாளி நல்ல மனிதர். எனினும் ஒருநாள் கூப்பிட்டு, "நானே சொல்றதுக்கு வருத்தமா இருக்கு, ஆனா இது ட்ரைவிங் ஸ்கூல்," என்றாராம்.

அந்த நாட்களில்தான் எனக்கு யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் வந்தது. விடைபெறப் போன அன்று அவர் வீட்டில் இல்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு அலுவலகக் கூட்டத்துக்காகக் கண்டி வந்தேன். முடிந்ததும் மடவளை வழியில் காரை விட்டேன். அதே வீடு. முற்றத்தில் தகரக் கொட்டகை, வரிசையாகப் பிளாஸ்டிக் கதிரைகள், எல்லாவற்றிலும் ஆட்கள். அவர் மனைவி என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தாள். சதை பிடித்திருந்தாள். முகத்தில் அந்தப் பழைய பயம் இல்லை. வரிசையைத் தாண்டி என்னை உள்ளே கூட்டிப் போனாள்.

அவர் ஒரு பாயில் அமர்ந்திருந்தார். சட்டை இல்லை, மஞ்சள் வேட்டி. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். மனைவி கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள். ஜன்னல் இல்லாத சின்ன அறை. சாம்பிராணிப் புகையில் எனக்கு மூச்சு முட்டியது.

"எப்பிடி இருக்கிறியள் அண்ணை?"

"இருக்கேன் மிஸ். கார் எப்புடி?"

காரைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். பிறகு, வருகிறவர்களுக்கு என்ன சொல்லுகிறார் என்று கேட்டேன்.

"ஒன்னே ஒன்னுதான். ஆஸ்பத்திரிக்குப் போ, மாத்திரைய நிறுத்தாதே. கல்யாணம், காணி, கோர்ட்டுன்னு வர்றவங்கள அம்மன் பேசலன்னு சொல்லி அனுப்பிருவேன். நோய்க்காரங்க மட்டும் கேக்குறாங்க. நான் சொன்னா கேக்குறாங்க, டாக்டர் சொன்னா கேக்கல."

"அப்ப விட ஏலாது."

"விட்டா அந்தப் புள்ளையோட அம்மாகிட்ட நான் சொன்னது பொய்யாயிரும். நாளைக்கு இன்னொரு புள்ள ஊசிய நிறுத்தும்." குரலைத் தாழ்த்தினார். "அதுகூட இல்ல மிஸ். வேற ஒன்னு. யார்கிட்டயும் சொன்னதில்ல."

நான் பாய்க்கு அருகே நகர்ந்து இருந்தேன்.

"அன்னைக்கு அந்த லயத்துல சொன்னேனே, ஊசியிலதான் இருக்கேன்னு. அது பொய்யின்னு எனக்குத் தெரியும். எங்கிட்ட யாரும் வரல. ஆனா அந்த வார்த்தைய நான் யோசிக்கவே இல்ல மிஸ். கதவடைக்கிற மாதிரின்னு சொன்னேன் பாருங்க, அப்புடியெல்லாம் பேச எனக்கு வராது. வாயத் தொறந்தேன், அது வந்துச்சு. எங்கேயிருந்து வந்துச்சுன்னு இத்தன நாளாத் தேடுறேன். நாந்தான் சொன்னேன்னு சத்தியம் பண்ண ஏலாது. நான் இல்லன்னும் பண்ண ஏலாது." தன் உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்தார். "முன்னாடி மத்தவங்க சொல்றதத்தான் தெரியாதுன்னு சொல்லுவேன். இப்ப நான் சொல்றதே எனக்குத் தெரியல."

"உங்கட மனுசியிட்டச் சொல்லிப் பாத்தியளோ?"

"சொன்னா சந்தோசப்படுவா," என்றார். "அதுக்குத்தான் சொல்லல."

வெளியே யாரோ இருமினார்கள். அவர் கண்கள் கதவுக்குப் போயின. நான் எழுந்தேன். என்னை வாசல்வரை வந்து வழியனுப்ப அவரால் முடியவில்லை. வெளியே வந்தால் எல்லாரும் எழுந்துவிடுவார்கள்.

வாசல் படலையடியில் ஒரு நடுத்தர வயதுப் பெண் என்னை மறித்தாள். பக்கத்தில் கதிரையில் அவள் கணவன், ஒரு பாதத்தில் பழந்துணிக் கட்டு. அதிலிருந்து வந்த மணம் எனக்குச் சட்டென்று விளங்கியது. என் தகப்பனாருக்கும் சீனி வியாதி இருந்தது. துணிக்கு வெளியே நீட்டியிருந்த விரல் கறுத்துப்போயிருந்தது.

"உள்ள போயிட்டு வந்தீங்களே மிஸ், நெசமாவே அம்மன் இவருகிட்ட பேசுதா?" என்றாள். "எங்க மாமியா இதெல்லாம் ஏமாத்து, எண்ணெ போடுற வைத்தியருகிட்ட போவோம்னு நிக்குது. படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. நீங்க சொன்னா நான் கேக்குறேன்."

நான் அந்த விரலைப் பார்த்தேன். சாத்தியிருந்த கதவைப் பார்த்தேன். எனக்கு என்ன தெரியும் என்று யோசித்தேன்.

"ஓம்," என்றேன். "பேசுது. அவர் என்ன சொல்லுறாரோ அதை இண்டைக்கே செய்யுங்கோ."

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கணவனைத் தாங்கியபடி வரிசைக்குப் போனாள். நான் காரில் ஏறி இருந்தேன், ஆனால் அவர்கள் வெளியே வரும்வரை போகவில்லை. வந்ததும், பெரிய ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று அவள் யாரிடமோ விசாரித்தாள். கதவைத் திறந்து, "ஏறுங்கோ," என்றேன்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் அசையாமல் நின்றன. பின் இருக்கையில் அவள் அலைபேசியில் மாமியாரோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"நெசந்தான் அத்தே. ஏமாத்து இல்ல. படிச்ச மிஸ் ஒருத்தவங்க சொல்றாங்க. அவங்ககிட்டயும் அம்மன் பேசியிருக்காம்."